குழுப் பணத்தில் சுற்றுலா போகலாமா?

கேள்வி: எங்கள் மகளிர் சுய உதவிக் குழு கூடினாலே சந்தா, கடன், தவணை என்று பணப் பேச்சுதான். ஒருநாள் எல்லோரும் வெளியே போய்வர ஆசை. குழுச் சேமிப்பிலிருந்து எடுக்கலாமா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் சேமிப்பில் மட்டும் கைவைக்க வேண்டாம். கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்தல், கணக்கேடு என்ற ஐந்தையும் பார்த்துத்தான் வங்கி கடன் தருகிறது. நடுவில் சுற்றுலாச் செலவு எட்டிப்பார்த்தால் விளக்கம் சொல்லி மாளாது. கூட்டத்துக்கு இருபது ரூபாய் தனியே போடுங்கள். பணம் ஒருவரிடமும் நோட்டு இன்னொருவரிடமும் இருக்கட்டும். சண்டை பாதி குறையும்.

வேனுக்கு அவசரப்படாதீர்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. புறநகர்ப் பேருந்தில் அந்தச் சலுகை செல்லாது. எங்கே போவது என்கிறீர்களா? பாப்பாரப்பட்டியில் தியாகி சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

பக்கத்தில் இருப்பதாலேயே ஒகேனக்கலை ஒதுக்க வேண்டாம். விருந்தாளிக்குத் துணையாகப் போவது வேறு, உங்களுக்காகப் போவது வேறு. வெள்ளம் வந்தால் பரிசலை நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நீச்சல் தெரிந்தவரும் பாதுகாப்பு உடை போடாமல் பரிசலில் ஏறக் கூடாது. மீனை வாங்கிக் கொடுத்தால் அங்குள்ள பெண்களே குழம்பு வைத்து, வறுத்துத் தருவார்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். அடுப்படி வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியாததா?