டிஹியூமிடிஃபையர் ஓடவில்லையா? புதிது வாங்குமுன் இதையெல்லாம் பார்!

தங்கச்சி, ஜூன் பிறந்தாலே டொராண்டோ வீடுகளின் பேஸ்மென்ட்டில் ஈர வாடை கிளம்பிவிடும். வெளியிலிருந்து வரும் சூடான காற்று குளிர்ந்த கான்கிரீட் சுவரில் பட்டதும் தண்ணீராய்ப் பூக்கும். அட்டைப் பெட்டியில் பூஞ்சை, மடித்து வைத்த பட்டுச் சேலையில் புள்ளி, பிள்ளைகளுக்குத் தும்மல். அந்த நேரம் பார்த்து டிஹியூமிடிஃபையர் நின்றால் பதறாதே. பல நேரம் மெஷின் கெட்டிருக்காது. சின்னதாக ஏதோ ஒன்று அதை ஓடவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். காசு செலவில்லாத வேலைகளிலிருந்து தொடங்கு.

1. எல்லாவற்றுக்கும் முன் ஸ்டிக்கரைப் பார்

பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கமோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள். கிரீ நிறுவனம் தயாரித்தவை 2013இலும், நியூ வைடெக் நிறுவனம் தயாரித்தவை 2021இலும் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயத்தால் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அவை வேறு வேறு பிராண்டு பெயர்களில் விற்பனையானவை. ஹெல்த் கனடாவின் ரீகால் பக்கத்தில் உன் மாடலைத் தேடு. இருந்தால் ரிப்பேர் செய்யவே வேண்டாம். மறுபடி பிளக்கில் செருகாதே. கருகிய வாடை வந்தாலும், பிளக் உருகியிருந்தாலும் அப்படித்தான்.

2. கரண்ட் வருகிறதா?

அதே பிளக் பாயிண்ட்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார். எரியாவிட்டால், பிளக் பாயிண்ட்டில் 'ரீசெட்' பட்டன் இருந்தால் அதை அழுத்து. பிறகு பிரேக்கர் பெட்டி. மேலே தூக்கிவிட்ட பிரேக்கர் உடனே விழுந்தால் திரும்பத் திரும்பப் போடாதே, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. எக்ஸ்டென்ஷன் வயரில் டிஹியூமிடிஃபையரை ஓட்டவே கூடாது.

3. வாளியும் மிதவையும்

ஆளை அதிகம் ஏமாற்றுவது இதுதான். வாளிக்குள் சின்ன மிதவை ஒன்று இருக்கும். தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறி, வாளி நிரம்பியதும் மெஷினை நிறுத்திவிடும். வழவழவென்று பாசி படிந்தால் மிதவை மேலேயே ஒட்டிக்கொள்ளும். வாளி காலியாக இருக்கும், 'ஃபுல்' விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி, மிதவையை விரலால் தூக்கி விடு. தடையில்லாமல் தானாகக் கீழே விழ வேண்டும். கழுவும்போது அது கழன்றிருந்தால் பழைய இடத்திலேயே மாட்டு. வாளி கோணலாக உட்கார்ந்தாலும் மெஷின் ஓடாது. நேராக, கடைசிவரை உள்ளே தள்ளு.

4. செட்டிங்கைக் குறைத்துப் பார்

அறையின் ஈரப்பதம் 45 சதவீதமாக இருந்து, நீ 50இல் வைத்திருந்தால் அது ஓடாமல் இருப்பதுதான் சரி. 35க்கு இறக்கி ஐந்து நிமிடம் பொறு. கம்ப்ரெசர் நின்றபின் மறுபடி கிளம்பச் சில நிமிடம் எடுக்கும். அதற்குள் ஆன், ஆஃப் என்று மாற்றிக்கொண்டிருக்காதே.

5. ஐஸ் பிடித்திருக்கிறதா?

அறை 18 டிகிரிக்குக் கீழே போனால் பல சாதாரண மாடல்களின் காயிலில் ஐஸ் கட்டும். பிளக்கைக் கழற்றி, தானாக உருகும்வரை விட்டுவிடு. கத்தியால் சுரண்டினால் குழாய் ஓட்டையாகி, உள்ளிருக்கும் குளிரூட்டும் கேஸ் போய்விடும். அறை சூடாக இருந்தும் ஐஸ் கட்டினால் ஃபில்டரைப் பார். தூசி அடைத்திருந்தால் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டு. மெஷினைச் சுவரோடு ஒட்டியும் வைக்காதே.

6. ஃபேன் ஓடுகிறது, தண்ணீர் சேரவில்லை

காற்று வெளியே வரும் இடத்தில் கையை வை. ஒழுங்காக ஓடும் மெஷினின் காற்று அறையைவிடச் சற்றுச் சூடாக இருக்கும். அப்படி இல்லையென்றால் கம்ப்ரெசர் வேலை செய்யாமலோ கேஸ் கசிந்தோ இருக்கலாம். உறுமிவிட்டு 'டக்'கென்று நின்றால் கம்ப்ரெசரைக் கிளப்பும் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும், ஷாக் அடிக்கும். அதனால் மூடியைத் திறக்கும் வேலை தெரிந்தவர்களுக்கே. மிதவை சுவிட்ச், கெப்பாசிட்டர் மாதிரிச் சின்னப் பாகமென்றால் மாற்றலாம். கேஸ் கசிந்திருந்தால் ரிப்பேர் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம். பழையதை வீட்டுக் குப்பையோடு போடாதே. உள்ளே கேஸ் இருப்பதால் நகரசபை சொல்லும் முறையில் கொடு.

கடைசியாக ஒன்று. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வை. ஹெல்த் கனடா சொல்வது 30 முதல் 50 சதவீதம். உன் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் அந்த மீட்டரை அவர்கள் அறையில் வை. நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் சுவரில் பூஞ்சை கண்டாலும் வாய் திறந்து சொல்லத் தயங்குவார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல், வாரத்துக்கு ஒருமுறை நீயே விசாரி.