டீயை எந்த வேளைச் சாப்பாட்டோடு சேர்ப்பது?

பெங்களூரு

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஓட்ஸை டீயில் ஊறப்போட்டு ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், காலையில் அடுப்புப் பக்கமே போகாமல் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடித்துவிடலாமே, அது உடம்புக்கு ஆகுமா என்று கேட்டிருந்தாய். ஆகும், செய். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கிண்ணத்துக்குள் போகிற டீயைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டை ஒட்டி நீ குடிக்கிற டீயை விட்டுவிட வேண்டும். டீயை ஏதோ ஒரு வேளை உணவோடு சேர்த்துத்தான் ஆக வேண்டுமென்றால், அதனால் நஷ்டம் மிகக் குறைவாக இருக்கிற வேளையோடு சேர்ப்பதுதான் புத்தி. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். நீ காரணம் கேட்காமல் எதையும் ஏற்கிறவள் அல்ல என்பதால் காரணங்களைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஊறவைப்பதைப் பற்றி. இதைப் புதுக் கண்டுபிடிப்பாகவும் நினைக்க வேண்டாம், நம் வழக்கத்துக்கு ஒவ்வாததாகவும் நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் மாக்ஸ் பிர்ச்சர்-பென்னர் என்ற மருத்துவர் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஜூரிக்கில் தம்மிடம் வந்த நோயாளிகளுக்குக் கொடுத்த உணவுதான் இதற்கு மூலம். ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸை இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் எலுமிச்சைச் சாறும் இனிப்பூட்டிய கெட்டிப்பாலும் சேர்த்து, ஒரு முழு ஆப்பிளைத் துருவிப் போட்டு, மேலே கொட்டைப் பருப்பைத் தூவிக் கொடுத்தார். பழம் பெரும்பங்கு, ஓட்ஸ் சிறுபங்கு. இன்று அது தலைகீழாகிவிட்டது. நம் பக்கத்தில் பழைய சோறும் நீராகாரமும் இதே தத்துவம்தான். கர்நாடகத்தில் ராகி அம்பலியும் அப்படியே. காலை வேலையை முதல்நாள் இரவுக்குத் தள்ளிவிடுவது உழைக்கிறவர்கள் வீட்டில் என்றைக்கும் இருந்த வழி. ஆனால் ஒரு வித்தியாசத்தை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பழையதும் அம்பலியும் முதலில் வெந்தவை, பிறகு புளித்தவை. ஓட்ஸ் உன் சமையலறையில் வேகாமல் நேரே ஊறுகிறது. அது எப்படிச் செரிக்கும் என்று உன் அம்மா கேட்டால் பதில் இதுதான்: ரோல்ட் ஓட்ஸ் ஆலையிலேயே நீராவியில் வெந்துதான் தட்டையாக உருட்டப்படுகிறது. ஓட்ஸில் கொழுப்பும் அதிகம், அந்தக் கொழுப்பைச் சிதைத்துக் காறலாக்குகிற நொதியும் அதிகம். அந்த நொதியை முடக்கவே இந்த ஆவிச்சூடு. அதே சூட்டில், தானியத்தில் இரும்பைக் கட்டிவைக்கிற ஃபைட்டேட்டை உடைக்கிற நொதியும் செத்துப்போகிறது. அதனால் எட்டு மணி நேரம் ஊறினால் ஃபைட்டேட் எல்லாம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஊறினால் ஓட்ஸ் மெத்தென்று ஆகும், அவ்வளவே.

இந்த ஃபைட்டேட்டை எடுத்ததற்குக் காரணம் இரும்புச்சத்து. டீ ஓட்ஸுக்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒரே வலுவான வாதமும் அதுதான். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரமாவது டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது. டீயில் உள்ள டானின், தாவர உணவில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும் என்பதே காரணம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடி என்று அவர்கள் சொல்லும்போது, சாப்பாட்டையே டீயில் ஊறப்போடுவது நியாயமா என்று யாரும் கேட்கலாம். சாதாரணக் கேள்வி அல்ல இது. 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ரொட்டி உணவோடு குடித்த பிளாக் டீ இரும்பு உறிஞ்சப்படுவதை 79 முதல் 94 சதவீதம் வரை குறைத்தது. பால் சேர்த்தால் டானின் அடங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதே ஆய்வில் பால் சேர்த்தும் பெரிய மாற்றம் தெரியவில்லை. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இரண்டில் ஒருவருக்கு மேல். ஆகவே இந்த ஆட்சேபத்தை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார். உன் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்திருக்கிறது. ஒருவேளைக்கு நீ போடப்போகும் 40 கிராம் ஓட்ஸில் இருப்பதோ 2 மில்லிகிராமுக்கும் குறைவு. அதிலும் ஃபைட்டேட் கட்டிவைத்திருப்பது போக உடம்பில் சேர்வது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தில் டீ பெரும்பங்கைத் தட்டிக்கொண்டு போனாலும் உன் மொத்தக் கணக்கில் பள்ளம் விழாது. ஓட்ஸ் உனக்கு இரும்பு தருகிற உணவாக எப்போதுமே இருந்ததில்லை. மத்தியானத் தட்டைப் பார். ராகி முத்தே, கொள்ளுச் சாறு, கீரைப் பொரியல் அல்லது பஸ்ஸாறு என்று நல்லபடியாக அமைந்தால் அன்றைய இரும்பில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அதைச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கீழே இறங்கி டீக்கடை வாசலில் நிற்பது இந்த ஊர் ஐ.டி. வளாகங்களில் வழக்கமாகிவிட்டது. உண்மையான நஷ்டம் அங்கே நடக்கிறது. சாப்பிட்டு முடித்த பிறகுதானே குடிக்கிறோம் என்பதும் சமாதானம் ஆகாது. 1983-ல் அமெரிக்காவில் காபியை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி இரும்பைத் தொடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்த அளவுக்கே தடுத்தது. அதே ஆய்வில் உணவோடு குடித்த காபி 39 சதவீதமும் டீ 64 சதவீதமும் குறைத்தன. ஆக, பின்னால் குடிப்பது முன்னால் குடிப்பதைவிட மோசம். மத்தியான டீயை நாலு மணிக்குத் தள்ளு, முடியாவிட்டால் விட்டுவிடு. அதற்கு ஈடாகக் காலைக் கிண்ணத்தில் டீயை நிம்மதியாக வைத்துக்கொள்.

டீயே இல்லாமல் வெறும் பாலில் ஊறப்போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்று கேட்பாய். உண்மைதான், இஞ்சியும் ஏலக்காயும் மட்டும் போட்ட பாலில் ஊறவைத்தாலும் நன்றாக இருக்கும். ஆனால் பழக்கங்களில் பலமானதும் உண்டு, பலவீனமானதும் உண்டு. காலை டீ நம்மிடம் மிகப் பலமான பழக்கம். வீட்டைவிட்டு வெளியூரில் வேலைக்கு வந்த பிள்ளைகளிடம் காலைச் சாப்பாடு மிகப் பலவீனமான பழக்கம். பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிற எத்தனையோ பேருக்குக் காலை உணவு என்பது ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். பிஸ்கட்டில் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும். பதினோரு மணிக்கே பசி வந்துவிடும். பலவீனமான பழக்கத்தைப் பலமானதோடு முடிச்சுப் போட்டால் அது நிற்கும். எப்படியும் தேடுகிற டீ வாசனை ஓட்ஸுக்குள் இருந்தால் கிண்ணம் காலியாகும். காலையில் பசியே எடுக்காதவர்கள் கட்டாயப்படுத்திச் சாப்பிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பசித்தும் நேரமில்லாமல் டீயால் வயிற்றை ஏமாற்றுகிறவர்களுக்குத்தான் இது.

ராகி விளைகிற மண்ணில் இருந்துகொண்டு ஓட்ஸ் எதற்கு என்ற கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இந்தியாவில் ராகி அதிகம் விளைவது கர்நாடகத்தில்தான். மண்டியாவில் லட்சுமணையா என்ற பயிர் விஞ்ஞானி இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து உருவாக்கிய இண்டாஃப் ரகங்கள் இந்தப் பகுதி உழவர்களின் விளைச்சலையே மாற்றின; இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வேறு எந்தத் தானியமும் பக்கத்தில் வராது. ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது இந்தியா முன்வைத்த யோசனையின்பேரில்தான். இவ்வளவும் சரி. ஆனால் ராகி மாவைப் பச்சையாக டீயில் ஊறப்போட்டுச் சாப்பிட முடியாது, அது வேக வேண்டும். ராகியின் செந்தோலிலேயே டானின் வகைச் சத்துகள் இருக்கின்றன. அதன்மேல் டீயையும் ஊற்றுவது நல்ல தானியத்தின் பலனை நாமே கெடுத்துக்கொள்வது. ராகியை மோரோடு சேர்த்து அம்பலியாகவோ, முளைகட்டி வறுத்து அரைத்த மால்ட்டாகவோ தனியே சாப்பிடு. முளைகட்டும்போது ஃபைட்டேட்டும் குறையும். ஞாயிற்றுக்கிழமை ராகிக்கு, அவசர நாட்கள் ஓட்ஸுக்கு என்று வைத்துக்கொண்டால் இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கும். தெருமுனை தர்ஷினி ஓட்டலில் இட்லி கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்றால், நேரம் இருக்கிற நாளில் தாராளமாக இட்லி சாப்பிடு. இட்லிக்கு மாற்று தேடி யாரும் இதைச் செய்ய வேண்டியதில்லை.

இனி செய்முறை. இங்கே சில நுணுக்கங்கள் தவறினால் மூன்றாம் நாளே உனக்கு வெறுத்துவிடும். ஒருவருக்கு 100 மில்லி தண்ணீரைக் கொதிக்கவை. ஒரு சின்னத் துண்டு இஞ்சியைத் தட்டி, பால் சேர்ப்பதற்கு முன்பே தண்ணீரில் போட்டுவிடு. பச்சை இஞ்சியில் பாலைத் திரியச் செய்கிற நொதி இருக்கிறது. கொதிநீரில் அது அடங்கிவிடும், பால் திரியாது. ஒரு ஏலக்காயை நசுக்கிப் போடு. ஒரு தேக்கரண்டி டீத்தூள் போட்டு உடனே அடுப்பை அணைத்து மூடி, மூன்று நிமிஷம் பொறுத்து வடிகட்டு. டீக்கடையில் செய்வதுபோலக் கொதிக்கக் கொதிக்க விடாதே. அந்தக் கடுப்பு சூடாகக் குடிக்கும்போது ருசிக்கும், குளிர்ந்த கிண்ணத்தில் நாக்கைப் பிடிக்கும். குறைந்த நேரம் ஊறினால் டானினும் குறைவாகவே இறங்கும். காய்ச்சிய பால் 120 மில்லி சேர்த்து, கை பொறுக்கும் சூட்டையும் தாண்டி நன்றாக ஆறவிடு. சூட்டோடு ஊற்றினால் ஓட்ஸின் மாவுச்சத்து வெந்து கொழகொழப்பாகிவிடும். வெல்லம் போடுவதாக இருந்தால் அதுவும் ஆறின பிறகுதான். சூடான பாலில் வெல்லம் விழுந்தால் திரிய வாய்ப்புண்டு. இரண்டு பேரீச்சம்பழத்தை நறுக்கிப் போட்டால் வெல்லமே வேண்டியிருக்காது. மூடி போட்ட டப்பாவில் 40 கிராம் ரோல்ட் ஓட்ஸ் போட்டு இதை ஊற்றிக் கிளறி, ஃபிரிட்ஜில் ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வை. இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வாங்காதே, கூழாகிவிடும். ஸ்டீல் கட் ஓட்ஸ் இவ்வளவு நேரத்தில் சரியாக இளகாது. மசாலா ஓட்ஸில் உப்பு அதிகம். காலையில் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையைத் தூவிக்கொள். கன்னடக் கார்த்திக மாதத்துக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை என்ற கடலைத் திருவிழா நடக்கிற ஊரில் இருந்துகொண்டு, பாதாமை விலை கொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. ஓட்ஸும் பாலும் சேர்ந்து 9 கிராம் அளவுக்குப் புரதம் தரும். கடலை இன்னும் ஐந்தைக் கூட்டும். பக்கத்தில் பாதிக் கொய்யாப்பழம் இருக்கட்டும். அதன் வைட்டமின் சி, டீ தடுக்கிற இரும்பில் கொஞ்சத்தை மீட்டுத்தரும்.

ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் இதைச் செய்யாதே. பெங்களூரு ராத்திரி குளிர்ச்சியானது என்றாலும் பால் சேர்ந்த உணவை எட்டு மணி நேரம் வெளியே வைக்கிற அளவுக்குக் குளிரல்ல. பழைய சோறு வெளியே தாக்குப்பிடிக்கிறதே என்று ஒப்பிடாதே. புளிப்பேற்றும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம் அதைக் காக்கிறது, உன் டப்பாவில் அந்தப் புளிப்பு இல்லை. பொது ஃபிரிட்ஜ் என்றால் மூடி இறுக்கமாக இருக்கட்டும், மறுநாளே சாப்பிட்டுவிடு. குளிர்ச்சி தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாத நாளில் ஒரு நிமிஷம் சூடுபண்ணிச் சாப்பிடலாம், கெட்டுவிடாது. கொலஸ்ட்ரால் குறையும் என்ற விளம்பரத்தையும் அளவோடு எடுத்துக்கொள். 1997-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது இதய நோய் அபாயம் குறையலாம் என்ற வாசகத்தை, அதுவும் ஓட்ஸின் பீட்டா குளுக்கான் நார்ச்சத்து நாளொன்றுக்கு 3 கிராம் என்ற அளவை வைத்து. உன் 40 கிராமில் அதில் பாதிதான் வரும்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் நான் இதுவரை சொன்ன கணக்கு செல்லாது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர்களுக்குச் சொற்பமும் முக்கியம். அவர்கள் டீத்தூளை விட்டுவிட்டு இஞ்சி, ஏலக்காய்ப் பாலில் ஊறவைக்கட்டும். இரும்பு மாத்திரையையும் டீ ஓட்ஸையும் யாரும் ஒரே நேரத்தில் சாப்பிடக் கூடாது. நீ எந்தப் பக்கம் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்தச் சனிக்கிழமை பக்கத்து லேபுக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடு. 12 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு எழுது. 12-க்கு மேலே இருந்தால் அன்று ராத்திரியே டீ போட்டு முதல் டப்பாவை ஊறவை.

அன்புடன்,
பெரியம்மா