தொட்டியில் காய்க்கும் கொடிகள்

நிலமில்லாதார்க்குத் தோட்டமில்லை என்று எண்ணுதல் தவறு. நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் வெயில் படும் மாடியோ முற்றமோ உடையார் எவரும் பாகல், பீர்க்கு முதலிய கொடிகளைத் தொட்டியில் வளர்த்தல் கூடும்.

தொட்டி ஓரடி ஆழத்திற்குக் குறையாததாய், அடியில் துளையுடையதாய் இருத்தல் வேண்டும். துளையின்மேல் ஓட்டுச்சில் வைத்து, செம்மண், மணல், மக்கிய சாணவெரு ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. நீர் தேங்கின் வேர் காற்றின்றி அழுகும். பாகல் விதை கடின ஓடுடையது. ஆதலின் ஓரிரவு ஊறவைத்து ஊன்றுக. தொட்டிக்கு ஒரு கொடியே போதும். பற்றுக்கம்பிகள் தோன்றியதும் கொழுகொம்பு நாட்டுக.

நிறையப் பூத்தும் காய் பிடிக்கவில்லையே எனப் பலர் மனந்தளர்வர். காரணம் யாதெனின், இக்கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் தனித்தனியே தோன்றும். முதலில் வருவன பெரும்பாலும் ஆண்பூக்களே. அவை உதிர்தல் இயல்பு. பெண்பூவின் அடியிலோ பிஞ்சு போன்ற சூற்பை காணப்படும். மகரந்தம் அதன் சூல்முடியைச் சேராவிடின் அப்பிஞ்சும் வெம்பி உதிரும்.

வயலில் இத்தொழிலைத் தேனீக்கள் செய்கின்றன. மாடிக்கு அவை வாராவிடின் நாமே செய்தல் வேண்டும். அன்றலர்ந்த ஆண்பூவொன்றைக் கொய்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுக. பாகல் விடியலிலும் பீர்க்கு மாலையிலும் மலரும், அந்நேரமறிந்து செய்க.

தாவரநூல் வகுப்பில் படத்திற் கண்ட சூற்பை, சில நாளில் நம் கண்முன்னே காயாய்ப் பருப்பதைக் காணலாம். மாணவர்காள், இவ்விடுமுறையிலேயே ஒரு விதை ஊன்றிப் பாருங்கள்.