ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டு

அன்புள்ள தம்பி,

பால்வெட்டுப் பயிற்சியை முடித்துவிட்டாய், குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் 300 ரப்பர் மரம் உன் பொறுப்பில் வரப்போகிறது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். மரம் நிற்கிறது, வெட்டத்தான் ஆள் இல்லை என்று குமரி மாவட்டமே புலம்பிக்கொண்டிருக்கும்போது நீ விரும்பி வருகிறாய். முதல் மாதம் முழுக்க எல்லோரும் உன்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: பால் எவ்வளவு? முதலாளி கேட்பார், பக்கத்துத் தோட்டத்து வெட்டுக்காரர் கேட்பார், வீட்டிலும் கேட்பார்கள். நான் கேட்கப்போவது வேறு. மரத்தில் பட்டை எவ்வளவு மிச்சம் வைத்தாய்?

வெட்டும்போது கீழே விழும் பட்டைச் சீவல் ஒன்றை எடுத்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணருகே வைத்துப் பார். வெளிப்பக்கம் காய்ந்த தோல். அதற்கு உள்ளே மெல்லிய பச்சை. அடுத்து நரநரவென்று மணல்போல் கத்தியில் படுகிற கெட்டிப் பகுதி. அதையும் தாண்டினால் ஈரமான மெதுப் பகுதி. அதில் பால்குழாய்கள் வளையம் வளையமாக ஓடுகின்றன. உள்ளே போகப்போக நெருக்கம் கூடுகிறது. மெதுப் பகுதி முடிகிற இடத்தில், கண்ணுக்குப் பிடிபடாத மெல்லிய அடுக்காக கேம்பியம் இருக்கிறது. வெளிப்பக்கம் புதுப் பட்டையையும் உள்பக்கம் புது மரத்தையும் உண்டாக்குவது அதுதான். பால் அதிகம் இருக்கிற இடமும் கத்தி படவே கூடாத இடமும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தத் தொழிலின் கஷ்டம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. ஆழம் போதவில்லை என்றால் பால் வராது. ஒரு இழை கூடிவிட்டால் மரத்தில் காயம். கேம்பியத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் கை நிற்க வேண்டும். தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், ஒரு மரத்துக்குச் சில விநாடிகளில், 300 தடவை.

காயம் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பால் வழக்கம்போல் சில்லு வழியாகச் சிரட்டைக்கு இறங்கும். அது கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கும், ஆபத்தே அதுதான். மாதங்கள் கழித்து அந்த இடத்தில் மரம் முண்டு கட்டும். வெட்டிய பட்டை மறுபடி வளர்ந்து சமமாக வந்திருக்க வேண்டிய இடம் மேடும் பள்ளமுமாக நிற்கும். ஆண்டுகள் கழித்து அந்தப் புதுப்பட்டையில் இன்னொருவன் கத்தி வைக்கும்போது கத்தி துள்ளும், பால், சால் என்கிற வெட்டுப் பள்ளத்தை விட்டு வெளியே வழியும்.

சீவலின் கனத்திலும் கணக்கு இருக்கிறது. ஒட்டுக்கன்று மரத்தை, 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்தபிறகுதான் வெட்டத் தொடங்குகிறோம். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டினால், மழைநாளும் ஓய்வுநாளும் போக ஆண்டுக்குச் சுமார் 150 வெட்டு என்று வைத்துக்கொள். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை போனால் ஆண்டுக்கு 22.5 செ.மீ. மரத்தின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே வர ஐந்து ஆண்டுக்கும் மேலாகும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்து ஆண்டுக்கும் மேல். அதற்குள் முதலில் வெட்டிய பக்கம் தடித்து மறுவெட்டுக்குத் தயாராகிவிடும். நீ இரண்டரை மில்லிமீட்டர் சீவினால் ஏழு ஆண்டுக்குள் இரண்டு பக்கமும் தீர்ந்துவிடும், பழைய பக்கம் பிஞ்சாகவே நிற்கும். கனமாகச் சீவுவதால் பால் ஒரு சொட்டும் கூடுவதில்லை. குழாயின் வாயைத் திறந்துவிட மெல்லிய சீவல் போதும்.

சால் இடது மேலிருந்து வலது கீழாக இறங்குவதற்கும் காரணம் உண்டு. பால்குழாய்கள் நேராக நிமிர்ந்து ஓடுவதில்லை. மேலே போகப்போக லேசாக வலப்பக்கம் சாய்கின்றன. அதற்குக் குறுக்கே வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். ஒட்டுக்கன்று மரத்துக்குச் சாய்வு 30 பாகை. சரிவு குறைந்தால் பால் சாலைத் தாண்டி வழியும். கூடினால் அடிமரத்தில் முக்கோணமாகப் பட்டை வீணாகும்.

இவ்வளவு நுணுக்கமும் ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாது. பிரேசில் காட்டில் சின்னக் கோடரியால் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். 1888-ல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்த ஹென்றி ரிட்லி, அதே சாலிலேயே மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். கேம்பியத்தைத் தொடாமல் எடுத்தபோது பட்டை மறுபடி வளர்ந்தது. அடுத்தடுத்த வெட்டில் பாலும் கூடியது. தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடச் சொல்லி விடாமல் நச்சரித்ததால் அவரைப் பைத்தியக்கார ரிட்லி என்று கேலி பேசினார்களாம். மனிதர் நூறு வயது வரை இருந்து, மலாயா முழுக்க ரப்பர் ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இனி மருந்து. பயிற்சி முடித்து வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, காயத்துக்கு என்ன பூசலாம் என்றுதான். எதைப் பூசினாலும் காயம் ஆறாது, தம்பி. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, 1977-ல் இதை விளக்கி எழுதினார். நம் தோலில் பட்ட புண்போல, கெட்ட இடம் மறுபடி நல்ல இடமாக மாறுவது மரத்துக்கு இல்லை. மரம் அந்த இடத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது. பூச்சும் தாரும் அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் சொன்னதுதான். காயத்தை அடைக்க வேண்டுமா, சும்மா விடலாமா என்ற சர்ச்சை குளிர்நாடுகளில் பிர்ச் மரத்திலும் உண்டு. பின்லாந்திலும் ரஷ்யாவிலும் வசந்தகாலத்தில், இலை விடுவதற்கு முன், அடிமரத்தில் துளைபோட்டு இனிப்பு நீர் எடுக்கிறார்கள். வேரின் அழுத்தம் அதை மேலே தள்ளுகிறது. எடுத்து முடித்ததும் துளையை மெழுகாலும் மரக்குச்சியாலும் அடைப்பது பழைய வழக்கம். சும்மா விட்டாலே மரம் பார்த்துக்கொள்ளும் என்று இப்போது பலர் சொல்கிறார்கள். ஆனால் பிர்ச்சின் நீர் மரத்துக்குள்ளிருந்து வருவது, அதனால் அவர்கள் துளைத்தே ஆக வேண்டும். நம் பால் பட்டையிலேயே இருக்கிறது. மரத்தைத் தொட வேண்டிய அவசியம் நமக்கு ஒருநாளும் இல்லை.

அப்படியானால் மருந்தே வேண்டாமா? வேண்டும், நோய் நுழையாமலிருக்க. குமரியில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஈரம் தங்கிய வெட்டுப்பக்கத்தில் பூஞ்சணம் ஏறினால், சாலுக்கு மேலே கறுப்புக் கோடுகள் நெடுக்காக விழும், பட்டை அழுகும். பிளாஸ்டிக் ரெயின்கார்டு ஒட்டிவிட்டால் மழைக்காலத்திலும் வெட்டலாம், ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதே. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மாங்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கலந்து வெட்டுப்பக்கத்தைக் கழுவு. ஏற்கெனவே அழுகிய இடம் இருந்தால் சுரண்டி எடுத்து, மருந்திட்டு, காய்ந்தபின் மேலே காயப்பூச்சு போடலாம். கிளைக் கவட்டில் இளஞ்சிவப்பாகச் சிலந்திவலைபோலப் படர்ந்து பால் ஒழுகினால் அது வேறு நோய். அதற்கு 10 சதவீத போர்டோ பசை. அந்தப் பசையை வெட்டுப்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடாதே. அதிலுள்ள செம்பு பாலில் கலந்தால் ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகும். ஒரே டப்பா, ஒரே தூரிகை என்று இரண்டுக்கும் புழங்குகிற தோட்டங்கள் உண்டு. நீ தனித்தனியாக வைத்துக்கொள்.

மருந்தே இல்லாத நோயும் ஒன்று இருக்கிறது. சாலின் ஒரு பகுதி மட்டும் பால் வராமல் வறண்டு நிற்கும். சில மரத்தில் அதற்கு முன்னால் பால் தண்ணீராகி நெடுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அளவுக்கு மீறி எடுத்ததன் அடையாளம் அது. அந்த இடத்தில் கை தன்னால் ஆழம் போகப் பார்க்கும், இன்னும் உள்ளே இருக்குமோ என்று. இருக்காது. அந்த மரத்தை விட்டுவிடு. முதலாளியிடம் சொல்லி, சிரட்டையைக் கவிழ்த்துவைத்து, சில மாதம் ஓய்வு கொடு.

கத்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தினமும் கல்லில் தீட்டு. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டிவரும், அழுத்துகிற கை ஆழத்தை உணராது. விடியுமுன் முடிக்கப் பார். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய், குழாயில் அழுத்தம் குறையும். தாமதமாகத் தொடங்குகிறவன்தான் பால் குறைந்ததை ஆழத்தில் சரிக்கட்டப் பார்க்கிறான்.

மரத்தில் காயம் பட்டால் அது வெட்டுக்காரனின் தவறு மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கிற கூலி, வேகத்துக்குத்தான் கூலி. பட்டையைக் காத்தவனுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிற தோட்டத்தை நான் பார்த்ததில்லை. அடுத்து வேரோடு எடுக்கப்போகிற மரத்தில், ஏணி வைத்து, பாலைக் கூட்டுகிற எத்திபான் மருந்து தடவி, கடும்வெட்டு வெட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்து வயது மரத்தில் அதைச் செய்யச் சொன்னால் முடியாது என்று சொல். குமரியில் இப்போது வெட்டுக்காரனுக்கு வேலை கிடைக்காமல் போகாது, அந்தத் துணிவில் சொல்.

வேலையில் சேருகிற அன்று, கத்தியை வைப்பதற்கு முன்னால், முதலாளியையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மரமாக நட. வெட்டிய பக்கம் முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார். முண்டு இருக்கிற மரங்களைப் பெயின்ட்டால் குறித்து, எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள். முந்தைய வெட்டுக்காரன் விட்டுப்போன காயத்தை உன் கணக்கில் யாரும் எழுதக் கூடாது.

அன்புடன்,
ஒரு பழைய வெட்டுக்காரன்