வண்ணப் பையும் உண்ணும் உணவும்

உணவு தூயதாக இருந்தால் மட்டும் போதாது. அதை ஏந்தி வரும் பாத்திரமும் பையும் தூயவையாக இருத்தல் வேண்டும். கலப்படம் என்றதும் மிளகாய்த் தூளில் செங்கல் பொடியை நினைக்கிறோம். பிளாஸ்டிக் பையின் நிறத்தை யார் நினைக்கிறோம்?

பிளாஸ்டிக்குக்கு நிறம் தருபவை நிறமிகள். இவை மாவாக அரைத்த, நீரில் கரையாத தூள்கள். விலை குறைவதற்காகச் சுண்ணாம்புக்கல் தூள், டால்க் தூள் ஆகியவற்றையும் சேர்ப்பர். இவை நிரப்பிகள் எனப்படும். தூய்மையானவற்றால் தீங்கில்லை. ஆனால் பெயிண்டு போன்ற தொழில்களுக்கென்று செய்த மஞ்சள் நிறமிகள் சிலவற்றில் ஈயமும் காட்மியமும் உண்டு. ஈயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சூடு, எண்ணெய், புளிப்பு மூன்றும் பிளாஸ்டிக்கில் உள்ளவற்றை வெளியே இழுக்கும். நம் சாம்பாரிலோ இம்மூன்றும் உண்டு!

இதற்கு அரசு விதி செய்துள்ளது. உணவு தொடும் பிளாஸ்டிக்கில் எந்த நிறமிகளைச் சேர்க்கலாம் என்பதை இந்தியத் தரநிலை 9833 பட்டியலிடுகிறது. இப்பட்டியல் 1981-இல் வெளிவந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் வெளியிட்ட பொதியல் விதிகள் 2019 ஜூலை 1 முதல் இதைக் கட்டாயமாக்கின. செய்தித்தாளில் உணவு பொதிவதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. அச்சு மையும் உணவில் ஏறுமன்றோ?

சோதிக்கும் முறை எளிது. பிளாஸ்டிக்கை நீர், 3 சதவீத அசெட்டிக் அமிலம், சாராயம், ஹெப்டேன் போன்ற திரவங்களில் குறித்த வெப்பத்தில், குறித்த நேரம் வைப்பர். பின்பு திரவத்தை ஆவியாக்கி, எஞ்சியதை நிறுப்பர். கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் இறங்கலாகாது. கண்ணுக்குத் தெரியுமளவு நிறமும் இறங்கலாகாது.

தோழியரே, நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், 919, 921 ஆம் ஆண்டுகளில், பராந்தகச் சோழன் காலத்துச் சபையார் குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டினர். விதி ஊரார் கண்முன் நின்றது. இன்றைய விதியோ அரசிதழில் இருக்கிறது. கடைத்தெருவில் அதை அறிந்தவர் சிலரே. அறியாத விதி நம்மைக் காக்குமா?

ஆகவே, சூடான குழம்பு வாங்க எவர்சில்வர் தூக்கை எடுத்துச் செல்வோம். பெயிண்டு டப்பாவிலும் வாளியிலும் மாவோ ஊறுகாயோ வைக்க வேண்டாம். பஜ்ஜியை வாழையிலையில் கேட்டு வாங்குவோம். கற்றதை வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் சொல்வோம். விதி ஏட்டில் இருந்தால் எழுத்து. வீட்டில் இருந்தால் காவல்.