படத்தைக் கையால் மூடிவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள்

எங்கள் பாப்பா இரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை அவளைப் பற்றி என் போனுக்கு நல்ல சேதியாகத்தான் வந்துகொண்டிருந்தது. மஞ்சள் நிற நாளுக்கு மஞ்சள் கவுனோடு ஒரு போட்டோ. ஆன்லைன் வகுப்பில் பதில் சொன்னால் ஒரு ஸ்டார். நோட்டில் ‘வெரி குட்’, பருவம் முடிந்தால் கார்டில் ஏ கிரேடு. ஃபீஸ் கட்டும் தேதி நெருங்க நெருங்க ஸ்டாரும் கூடுது பார் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, பெற்ற பிள்ளை முன்னேறுவது பொறுக்காத மனுஷன் என்று அவரைத்தான் திட்டினேன். பிள்ளைக்குப் படிக்கவே தெரியாது என்பது அப்புறம்தான் தெரியவந்தது.

அந்த நர்சரிப் பள்ளியின் பெயரை எழுத மாட்டேன். பயந்துகொண்டு இல்லை. ஊருக்கு நாலு பள்ளி அப்படி இருக்கும்போது ஒன்றை மட்டும் சொல்வது மற்ற மூன்றுக்கும் செய்யும் உபகாரம்.

அங்கே சேர்த்ததற்கு எனக்குக் காரணம் இருந்தது. தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரை இரண்டுக்கும் இரண்டு நாடா. நெய்கிறவர் ஒருவராகவே மூன்றையும் ஓட்டச் சிரமம். அந்தப் பக்கத்துக் கரை நாடாவை வாங்கிப் போட ஒரு சின்னக் கை வேண்டும். எங்கள் அப்பா தறியில் அந்தச் சின்னக் கை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆறு வயது முதல் பதினான்கு வயதுவரை கல்வி உரிமை என்று சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. பெண் பிறந்தால் தறிப் பக்கமே விடுவதில்லை, வேன் வைத்து இங்கிலீஷ் மீடியம்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டியிருந்தேன். முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் ஃபீஸ் கட்டினோம். நீங்களும் அப்படித்தான் கட்டியிருப்பீர்கள்.

எல்கேஜி, யுகேஜி ஓடிவிட்டது. முதல் வகுப்பு 2020 ஜூன், அதாவது போனில். வீட்டில் இருப்பது ஒரே போன், அதில்தான் சேலை போட்டோவும் முதலாளிக்குப் போக வேண்டும். 2021 நவம்பர் 1-இல் ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தார்கள், ஜனவரியில் மறுபடி மூடினார்கள், பிப்ரவரியில் திறந்தார்கள். இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று முதலில் கண்டுபிடித்தது எங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்துக்குப் பாடம் எடுத்த பெண். பி.காம். படிக்கிற பெண். சாயங்காலம் திண்ணையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுப்பாள். பாப்பாவும் ஓரமாகப் போய் உட்காருவாள். ஒருநாள் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அக்கா, கோச்சுக்காதீங்க. பாப்பா படிக்கல, ஒப்பிக்குது” என்றாள். கோபித்துக்கொண்டேன். ஏ கிரேடு வாங்குகிற பிள்ளையைச் சம்பளம் வாங்காத தன்னார்வலர் வந்து குறை சொல்வதா என்று வாசலிலேயே கேட்டேன். (இப்போது அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் வீட்டுப் பக்கம் வந்தால் காபி குடிக்காமல் விடுவதில்லை.)

2022 வைகாசியில் எங்கள் ஊர் வரதர் கோயில் உற்சவம். கொரோனாவில் நின்றிருந்த கருட சேவை மறுபடி வீதிக்கு வருகிறது என்று தேரடிப் பக்கம் சுவரெல்லாம் போஸ்டர். “என்ன போட்டிருக்கு, படி” என்றேன். பாப்பா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “சாமி பறவை மேல போவுது” என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு என்னமோ தோன்றிக் கருடன் படத்தை உள்ளங்கையால் மூடி, “இப்போ படி” என்றேன். ‘பெருமாள்’ என்ற எழுத்துக்குக் கீழே விரலை வைத்தாள். முதலில் நிற்பது ஒற்றைக் கொம்பு. “இது சுழி” என்றாள். அடுத்தது “ப”. மறுபடி கொம்புக்கு வந்தாள். அந்தச் சுழி ‘ப’வை ‘பெ’ ஆக்குகிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அல்லது சொன்னது போனுக்குள்ளேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். பாடத்தைக் கடகடவென்று சொன்னாள். இந்தத் தடவை வாயைப் பார்க்காமல் விரலைப் பார்த்தேன். வாய் மூன்றாவது வரியில் இருக்கிறது, விரல் முதல் வரியிலேயே நிற்கிறது. பக்கம் திருப்ப வேண்டிய இடம் தாண்டியும் திருப்பவில்லை, பாட்டு மட்டும் ஓடுகிறது. இங்கிலீஷும் அதே கதைதான். நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டினால் பாடத்தின் முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிறுத்தினாள். புத்திசாலிப் பிள்ளை, இல்லாவிட்டால் இரண்டு வருஷம் ஏமாற்ற முடியுமா?

எங்களுக்கு அதிகம் செலவு வைத்தது இந்த ஒன்றுதான். வந்த சேதியை நம்பி, பிள்ளையை ஒருநாளும் தெரியாத எழுத்தின் முன் உட்காரவைக்காமல் விட்டது. எல்லாம் என் தப்பு என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பூட்டிக் கிடந்த பள்ளிக்கு யார் போய்ப் பார்ப்பது? கார்டில் ஏ போட்டது நானா? ஆனால் முன்பணத்தை நெய்து கழித்தது நாங்கள்.

அதனால் என் முதல் யோசனை இதுதான். இன்று ராத்திரி தறிச் சத்தம் அடங்கியதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம். மளிகைக் கடைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், எது கையில் கிடைக்கிறதோ அது. படம் இருந்தால் மூடிவிடுங்கள். 2005 முதல் பிரதம் அமைப்பு நாடு முழுக்கக் கிராமங்களில் எடுக்கும் அசர் கணக்கெடுப்பிலும் இதைத்தான் செய்கிறார்கள் என்று திண்ணைப் பெண் சொன்னாள். பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து எழுத்து, சொல், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்று வரிசையாகக் கொடுப்பார்களாம். எங்கே தட்டுகிறதோ அதுதான் பிள்ளையின் வகுப்பு, நோட்டு அட்டையில் எழுதியிருப்பது இல்லை. கணக்குக்கு இரண்டு இலக்கத்தில் கடன் வாங்கிக் கழித்தல் ஒன்று கொடுங்கள், 52-லிருந்து 27 மாதிரி. கடன் வாங்குவதில் எங்கள் வீட்டாருக்குக் குறையில்லை, கழிப்பதில்தான் தகராறு, பாப்பாவும் அப்படியே.

பரீட்சைக் கார்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முப்பருவ முறையில் நூற்றுக்கு 40 வளரறி மதிப்பீடு, அதாவது செயல்பாடு, சார்ட், சிறு தேர்வு. மீதி 60 தொகுத்தறி மதிப்பீடு. முறையில் குற்றமில்லை. ஆனால் ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய படத்தை வெட்டி ராத்திரி பதினொரு மணிக்கு நான் ஒட்டிய சார்ட்டுக்கு அவளுக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார்கள். நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைப்பதும் இல்லை, ஆகவே ‘பாஸ்’ என்பதும் சேதியில்லை.

பள்ளியை மாற்றுவது என்று முடிவானதும் டி.சி. தகராறு. பாக்கியைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். சட்டம் தெரியாமல் நிறையப் பேர் ஒரு வருஷம் கூடுதலாக அங்கேயே கட்டி அழுகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவைப் படியுங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. அரசுப் பள்ளித் தலைமையாசிரியை, “நீங்க குழந்தையைக் கூட்டிட்டு வாங்கம்மா, எமிஸ் எண்ணை விடுவிக்கச் சொல்லி நாங்க பார்த்துக்கறோம்” என்று சொல்லிவிட்டார். (எமிஸ் என்பது கல்வித்துறையின் மாணவர் பதிவுத் தளம்.) பாக்கியைப் பிறகு தவணையில் தீர்த்தோம். ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன்.

அந்த 2022 ஜூன் 13-ஆம் தேதிதான் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளையும் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும், அதை 2025-க்குள் சாதிப்பது என்பது அன்றைய கணக்கு. ஒன்று முதல் மூன்று வகுப்புவரை பிள்ளைகளை வயதைப் பார்க்காமல் தெரிந்ததைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பாப்பா மூன்றாம் வகுப்பு. டீச்சர் கூப்பிட்டுப் படிக்கவைத்துப் பார்த்துவிட்டு அரும்பில் போட்டார்.

எனக்கு மூச்சே நின்றுவிட்டது. நேராகப் போய், “மூணாங்கிளாஸ் பொண்ணை ஒண்ணாங்கிளாஸ் பசங்களோட உக்காரவெச்சா தெருவுல என்ன பேசுவாங்க டீச்சர்?” என்று கேட்டேன். அவர் பயிற்சி நூலில் திருத்திக்கொண்டிருந்த சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: “உங்களுக்குத் தெருவைப் பத்திக் கவலை. எனக்கு அவளுக்குக் கொம்பு தெரியலையேன்னு கவலை. தீபாவளிக்கு அப்புறம் வந்து சண்டை போடுங்கம்மா.”

தெரு பேசத்தான் செய்தது. என் ஓரகத்தி, அவர்கள் பையன் இன்னும் அந்த வேனில்தான் போகிறான், “அரும்புன்னா எல்கேஜியா?” என்று மாமியார் எதிரிலேயே கேட்டார். பதில் சொல்லவில்லை. தீபாவளிக்கு முன்பே பாப்பா மொட்டுக்குப் போய்விட்டாள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, துணைக்கால் என்று அட்டைகளைப் பிரித்துப் பிரித்து ஒட்டவைத்து, ‘கெ’, ‘கே’, ‘கொ’, ‘கோ’ நாலையும் பாட்டாக இல்லாமல் எழுத்தாகப் பார்க்கவைத்தார் அந்த டீச்சர். மஞ்சள் நாள், பச்சை நாள் ஒன்றும் கிடையாது. என் போனுக்கு ஒரு ஸ்டாரும் வரவில்லை. சேதி வேண்டுமென்றால் நாலு மணிக்குக் கேட்டில் போய் நிற்க வேண்டும்.

நின்றால் என்ன கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். “நல்லாப் படிக்கிறாளா?” என்று கேட்காதீர்கள். உலகத்தில் எந்த டீச்சரும் அதற்கு, “நல்லாப் படிக்கிறா, பேச்சுதான் கொஞ்சம் ஜாஸ்தி” என்றுதான் பதில் சொல்வார். “போன மாசம் படிக்க வராத எதை இந்த மாசம் படிக்கிறா?” என்று கேளுங்கள். பிள்ளையைத் தெரிந்த டீச்சர் உடனே ஒன்று சொல்வார். தெரியாதவர் வருகைப் பதிவேட்டைத் திறப்பார்.

காலை உணவு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளியிலும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாம்பாரோடு சூடாகக் கொடுக்கிறார்கள். விடியற்காலையே தறியில் உட்காருகிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று டிபன் பாக்ஸ் கட்டிக்கொடுக்க ஆள் இருக்கிற வீட்டாருக்குப் புரியாது.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நாலாம் வகுப்பில் டீச்சர் பயிற்சிக்குப் போன வாரங்களில் இரண்டு வகுப்பை ஒன்றாக உட்காரவைத்தார்கள். வாக்காளர் பட்டியல் வேலைக்கும் ஆசிரியர்களையே இழுக்கிறார்கள், எமிஸில் ஏற்றவேண்டியதை ஏற்றி முடிப்பதற்குள் ஒரு பீரியடு போய்விடுகிறது. ஆனால் இங்கே கேட்பதற்கு இடம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. 2024-இல் குழுவைத் திரும்ப அமைத்தபோது நானும் உறுப்பினரானேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போனால் அரைநாள் கூலி போகும் என்று நெய்கிற அம்மாக்கள் வரமாட்டார்கள், கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். போகாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதினால்தான் அது மேலே போகும். வகுப்பைச் சேர்த்து உட்காரவைத்ததை நான் எழுதவைத்தேன். இரண்டு மாதம் இழுத்தடித்துத்தான் ஒரு ஏற்பாடு செய்தார்கள், ஆனாலும் செய்தார்கள். ஸ்டார் அனுப்பிய பள்ளியில் பிரின்சிபாலைப் பார்க்கவே ரிசப்ஷனில் காரணம் சொல்ல வேண்டும்.

பாப்பா இப்போது ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறுக்குப் போய்விட்டாள், அரசுப் பள்ளிதான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்தால் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதையும் கணக்கில் வைத்திருக்கிறேன். ஓரகத்தி போன வாரம் வந்தபோது, “தமிழ் சரி, இங்கிலீஷ் பேசுவாளா?” என்று கேட்டார். பேசமாட்டாள். படிப்பதே இன்னும் தட்டித்தடவித்தான். பிஸ்கட் பாக்கெட், சோப்பு அட்டை, நூல் கட்டில் ஒட்டியிருக்கும் சீட்டு என்று தினம் ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் பையன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனிடமும் ஒரு சோப்பு அட்டையை நீட்டினேன். ஓரகத்திக்கு உடனே வேலை ஞாபகம் வந்துவிட்டது, பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.