ஏஐயைக் கேட்டு எழுதலாமா?

*விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கொப்புள நோய் விழுந்த தேயிலையை ஏஐயில் வரைந்து எடுத்தோம். வைக்கலாமா?*
— ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

வேண்டாம் டீச்சர். உங்கள் படத்தில் முற்றிய இலை முழுக்கக் கபிலப் புள்ளி. இந்த நோய் இளங்கொழுந்தில்தான் பிடிக்கும். மேல்பக்கம் வெளிறிக் குழிந்து, அடிப்பக்கம் புடைத்து வெள்ளையாகப் பூத்திருக்கும். கொழுந்தெடுக்கும் அம்மாமார் கண்டால் சிரிப்பார்கள். பிள்ளைகளை மழைக்காலத்தில் மலைக்கு அனுப்பி, இலையைத் திருப்பிப் பிடித்து போனில் எடுக்கச் சொல்லுங்கள்.

*ஏஐ உதவியோடு எழுதியதைச் சொல்ல வேண்டுமா?*
— மாணவர், நோர்வூட்

சொல்ல வேண்டும்.

*மண்சரிவு எச்சரிக்கைகளை ஏஐயில் போட்டு, எளிய தமிழாக்கி, தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். நல்ல சேவைதானே?*
— இளைஞர் கழகம், டிக்கோயா

நோக்கம் நல்லது. அனுப்பிய மாதிரியைப் பார்த்துத்தான் தலை சுற்றியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலில் எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்த நேரத்திலிருந்து எதுவரை, என்ன நிறம் என்று எல்லாம் இருக்கும். உங்கள் ‘எளிய தமிழில்’ மிஞ்சியது, மலையகத்தில் அபாயம், கவனம் என்பது மட்டும். எந்த லயம் கவனிக்க? எப்போது வெளியேற? மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் இடத்தை விட்டுப் போக வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழிப்புக்கு, 100 ஆயத்தத்துக்கு, 150 வெளியேற்றத்துக்கு. ஏஐ 150ஐ விட்டுவிட்டு ‘பலத்த மழை’ என்று எழுதினால் வசனம் நன்றாகத்தான் இருக்கும். நமக்கு எந்த மழைதான் பலத்த மழை இல்லை?

2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகம் சரிந்ததை நீங்களே பார்த்தீர்கள். நேற்றைய சிவப்பு எச்சரிக்கை நேரமில்லாமல் இன்று சுற்றினால் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடும். அப்படி வீணாக ஓடியவர்கள் அடுத்தமுறை அசைய மாட்டார்கள். ஆகவே மூல அறிவித்தலை அப்படியே படமாகப் போடுங்கள். கீழே உங்கள் தமிழில் இரண்டு வரி போதும். ஏஐயிடம் வசனம் திருத்தக் கொடுத்தால், திரும்பி வந்ததில் நேரம், பிரிவு, நிறம் மூன்றையும் விரல் வைத்துச் சரிபாருங்கள். அனுப்புபவர் பெயரும் இருக்கட்டும்.

*டிஆர்ஐ 2025 தேயிலை, 2025இல் வெளியானது என்று ஏஐ சொல்கிறது. எந்த மாதம்?*
— வாசகர், மஸ்கெலியா

அது ஆண்டல்ல ஐயா, தேயிலை இனத்தின் இலக்கம். பல பத்தாண்டுகளாக மலைகளில் நிற்கிறது. டிஆர்ஐ 2027 என்றும் ஒன்று உண்டு; அதற்கு என்ன சொல்லுமோ. ஹட்டனில் பஸ் மாறினால் தலவாக்கலை. அங்குள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில், அதாவது டிஆர்ஐயிலேயே, கேளுங்கள்.